தருமபுரி, கிருஷ்ணகிரி நர்ஸ்களுக்கு: மன அழுத்தத்துக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதுமா?

1 · பாலக்கோடு சிஸ்டர் · ஞாயிறு இரவு 9.40

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல (பி.எச்.சி.) ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். சமீபத்துல எங்களுக்கு மன அழுத்தம் குறைக்கிற பயிற்சி நடந்துச்சு. நடத்துனவங்க அக்கறையாத்தான் நடத்துனாங்க. மூச்சுப் பயிற்சி, நேரத்துக்குச் சாப்பாடு, ஏழு மணி நேரத் தூக்கம், நிறைய தண்ணி குடிக்கணும்னு சொன்னாங்க. பக்கத்துல இருந்த வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்கா என் காதுல கேட்டாங்க: "தண்ணி குடிச்சுட்டு எங்கம்மா ஒதுங்குறது?" அவங்க சப்-சென்டர்ல (துணை சுகாதார நிலையம்) கழிப்பறை இருக்கு, தண்ணி இல்ல. ஃபீல்டுக்குப் போற நாள்ல காலையில குடிக்கிற டீயோட சரி. வருசத்துக்கு ரெண்டு தடவையாவது நீர்க்கடுப்பு வருது அவங்களுக்கு.

இன்னொண்ணும் சொல்றேன். எங்க பகுதியில ஒரு கர்ப்பிணி, புளி மண்டியில கொட்டை எடுக்குற வேலை. கிலோ கணக்குல கூலி. ரத்தம் (ஹீமோகுளோபின்) ஏழரைதான் இருக்கு. கர்ப்பிணிக்குப் பதினொண்ணாவது இருக்கணும். மாத்திரை குடுத்தோம். விடியக்காலையில வேலைக்குப் போறவ, வெறும் வயித்துல போட்டு வாந்தி எடுத்து நிறுத்திட்டா. சரி, அயர்ன் சுக்ரோஸ்னு இரும்புச்சத்தை ஊசி வழியா ஏத்தலாம்னா அஞ்சு தடவை பி.எச்.சி.க்கு வரணும். ஒவ்வொரு தடவையும் அன்னிக்குக் கூலி போயிடும். டவுன் பஸ்ல டிக்கெட் இல்லதான், ஆனா காலை பஸ்ஸை விட்டா அடுத்தது மத்தியானம். வரல. ரெவ்யூ மீட்டிங்ல அந்த எண்ணைப் பார்த்து, ஏன் ஃபாலோ பண்ணலன்னு அந்த வி.எச்.என். அக்காவை விளக்கம் எழுதச் சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி அவங்களுக்கு பி.பி. 160.

எனக்குத் தோணுறது இதுதான். எந்தக் கூலியும் எந்த பஸ்ஸும் அந்தப் பொண்ணு ரத்தத்தைக் குறைச்சுச்சோ, அதேதான் சுத்தி வந்து இந்த அக்காவோட பி.பி.யா நிக்குது. நோயாளியோட சமூக நிலைமை தனி, நர்ஸோட மன அழுத்தம் தனின்னு ரெண்டு வகுப்பு எடுத்தா ரெண்டும் தீராது. உங்க ஊர்ல எப்படின்னு எழுதுங்க.


2 · பொதுச்சுகாதார மாணவன் · ஞாயிறு இரவு 10.25

சிஸ்டர், நீங்க சொன்னதுக்குப் பின்னாடி பெரிய ஆராய்ச்சியே இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2005-ல மைக்கேல் மார்மட் தலைமையில ஒரு ஆணையம் போட்டு, 2008-ல அறிக்கை வாங்குச்சு. மனுசங்க பிறந்து, வளர்ந்து, வேலை செஞ்சு, முதுமை அடையற சூழ்நிலைதான் ஆரோக்கியத்தைத் தீர்மானிக்குதுங்கறது அதோட சாரம். படிப்பு, வருமானம், வீடு, தண்ணி, வேலை எல்லாம் இதுல வரும்.

அதுக்கு அடித்தளம் 1967-ல லண்டன் அரசு ஊழியர்கள்கிட்ட ஆரம்பிச்ச ஒயிட்ஹால் ஆய்வு. எல்லாருமே அரசு வேலை பார்த்தவங்க, யாரும் பட்டினி இல்ல. அப்படியும் கடைநிலை ஊழியர்கள் மாரடைப்புல செத்தது, மேல் அதிகாரிகளைவிட மூணு மடங்குக்கு மேல. புகை, கொழுப்பு, பி.பி. எல்லாத்தையும் கழிச்சுப் பார்த்தாலும் வித்தியாசத்துல பெரும்பகுதி மிச்சம் இருந்துச்சு. பின்னாடி வந்த ஆய்வுகள்ல தெரிஞ்ச காரணங்கள்ல ஒண்ணு, தன் வேலை மேல தனக்கு அதிகாரம் இல்லாமை. 1979-ல ராபர்ட் காரசெக் இதைத்தான் சொன்னார்: வேலைப் பளு அதிகம், முடிவெடுக்கிற உரிமை கம்மி, இந்த ரெண்டும் சேர்ற இடத்துலதான் மன அழுத்தம் அதிகமாகுது.

வி.எச்.என். வேலை அப்படியே இதுல பொருந்துது. எண் காட்ட வேண்டியது அவங்க. பஸ் நேரம், கூலி, மண்டி, எதுவும் அவங்க கையில இல்ல.


3 · அரூர் மலையோரம் · திங்கள் காலை 6.10

நான் வி.எச்.என். மலைக் கிராமங்களும் என் ஏரியாவுல வருது. சமவெளியில ஐயாயிரம் பேருக்கு ஒரு சப்-சென்டர், மலையில மூவாயிரம் பேருக்கு ஒண்ணுன்னு கணக்கு. மூவாயிரம்னா கம்மியாத் தெரியும். அது எத்தனை மேட்டுல, எத்தனை ஓடைக்கு அந்தப் பக்கம் சிதறிக் கிடக்குதுன்னு கணக்குல வராது.

நடக்கிறது எனக்குக் கஷ்டம் இல்ல, நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். தூக்கம் போறது வேற விசயத்துல. பதினாறு வயசுப் பொண்ணு, நாலு மாசம். அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலை, பொண்ணைத் தனியா விட முடியாதுன்னு தாய்மாமனுக்குக் கட்டி வெச்சுட்டாங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களைப் பாதுகாக்கிற போக்சோ சட்டம் 19-வது பிரிவுப்படி நான் தகவல் குடுத்தே ஆகணும். குடுக்கலைன்னா என் மேலயே கேஸ் வரும். குடுத்தா அந்தப் பையன் உள்ள போவான், ஊரே என்னைப் பார்த்து கதவைச் சாத்தும். அடுத்த பதினாறு வயசுப் பொண்ணு பேர் பதியவே வர மாட்டா, வீட்டுலயே பெத்துக்குவா. நான் தகவல் குடுத்தேன். குடுத்தது சரிதான். ஆனா அந்தப் பொண்ணுக்கு இப்ப யார் சோறு போடறா, செக்கப்புக்கு யார் கூட்டிட்டுப் போறாங்கன்னு எந்தப் படிவத்துலயும் கேள்வி இல்ல. அவ வீட்டு வழியாத்தான் தினமும் நான் போறேன்.

இதுக்கு எந்த மூச்சுப் பயிற்சி செய்யறது, சொல்லுங்க.


4 · பொதுச்சுகாதார மாணவன் · திங்கள் காலை 7.02

அக்கா, இதுக்குன்னு செவிலியர் துறையிலயே ஒரு கருத்து உண்டு. 1984-ல ஆண்ட்ரூ ஜேம்ட்டன் எழுதுனது. எது சரின்னு நர்ஸுக்குத் தெரியும், ஆனா அமைப்பு அதைச் செய்ய விடாது. அப்ப வர்ற வேதனைக்கு அறநெறித் துயரம்னு பேர். களைப்பு லீவு போட்டா குறையும். இது குறையாது, வேலைக்குத் திரும்புன அன்னிக்கே மறுபடி வந்துடும். இதைப் பத்தி கூடிப் பேச ஒரு இடம் வேணும். சில நாடுகள்ல வார்டுலயே மாசம் ஒரு தடவை உக்காந்து, கஷ்டமான ஒரு கேஸைக் குறை சொல்லாம பேசுறாங்க. நம்ம மாசாந்திரக் கூட்டத்துல எண் கேட்கிறதோட நேரம் முடிஞ்சுடுது.


5 · நெறியாளர் · திங்கள் காலை 8.15

நோயாளியின் ஊர், தெரு, அடையாளம் தெரியும்படி யாரும் எழுத வேண்டாம். மருத்துவமனைப் பெயரும் வேண்டாம். இதுவரை எழுதியவர்கள் கவனமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். தொடருங்கள்.


6 · காரிமங்கலம் வாசி · திங்கள் மதியம் 1.30

நான் நர்ஸ் இல்லை. இருந்தாலும் சொல்லணும்னு தோணுது. போன வருசம் என் தங்கச்சியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம். வலியில கத்துனதுக்கு ஒரு நர்ஸ் பேசின பேச்சு, இன்னும் அவ மனசுல இருக்கு. குழந்தை நல்லபடியாப் பிறந்துச்சு, சந்தோசம். ஆனா ரெண்டாவது குழந்தைக்கு அந்தப் பக்கமே வர மாட்டேன்னு சொல்றா. உங்க கஷ்டம் எல்லாம் நியாயம். அதை எங்க வீட்டுப் பொண்ணு மேல இறக்கறது எப்படி நியாயம்?


7 · பாலக்கோடு சிஸ்டர் · திங்கள் இரவு 8.50

அண்ணா, உங்க தங்கச்சிக்கு நடந்தது தப்பு. அதுக்கு எந்தச் சமாதானமும் நான் சொல்லப் போறதில்ல. வலியில இருக்கிற பொண்ணை ஏசுறது எந்த நிலைமையிலும் கூடாது.

அது எப்படி நடக்குதுன்னு மட்டும் சொல்றேன். வேலையினால வர்ற உளச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல நோய்ப் பட்டியல் திருத்துனப்போ தெளிவா வரையறுத்துச்சு. நோய்னு சொல்லல, வேலையிடத்து விளைவுன்னு சொல்லுச்சு. மூணு அடையாளம்: சக்தி வத்திப் போறது, வேலையில இருந்து மனசு விலகிப் போறது, நம்மால ஒண்ணும் ஆகலைன்னு தோணுறது. அந்த ரெண்டாவதுதான் லேபர் வார்டுல பேச்சா வெளிய வருது. எனக்கு முன்னாடி இருக்கிறது ஒரு பொண்ணுன்னு தெரியாம, நாலாவது பெட்டுன்னு மட்டும் தெரியற நிலைமை. நல்ல கைராசிக்காரின்னு பேர் எடுத்த சீனியர்கள்கிட்டயே அதைப் பார்த்திருக்கேன். முகம் இறுகிப் போறது, பேர் கேட்காம வேலை செய்யறது, இதெல்லாம் முதல் அறிகுறி. அப்பவே அவங்களை ரெண்டு வாரம் லேபர் வார்டுல இருந்து மாத்திப் போட்டிருந்தா உங்க தங்கச்சிக்கு அந்தப் பேச்சு வந்திருக்காது. மாத்திப் போட ஆள் வேணும்.

புகார் குடுங்க அண்ணா. அதோட, அன்னிக்கு அந்த வார்டுல எத்தனை பேர் ட்யூட்டியில இருந்தாங்கன்னும் அதுலயே கேளுங்க.


8 · ஓசூர் நைட் ட்யூட்டி · திங்கள் இரவு 11.45

இப்ப ட்யூட்டியிலதான் இருக்கேன், டீ நேரம். தனியார் மருத்துவமனை. ராத்திரி எட்டுக்கு ஏறுனா காலை எட்டுக்குத்தான் இறக்கம், ஹேண்டோவர் முடிய ஒன்பது. எனக்கு இப்ப பதினாலு பெட். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டுல அஞ்சு பேருக்கு ஒரு நர்ஸ், கல்லூரி மருத்துவமனைன்னா மூணு பேருக்கு ஒண்ணு.

ஊர் மொரப்பூர் பக்கம். பி.எஸ்சி. நர்சிங் படிக்க அப்பா கடன் வாங்குனார், சம்பளத்துல பாதி அதுக்குப் போகுது. ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு ஆறு பேர், மூணு பேர் பகல் ஷிப்ட், மூணு பேர் நைட். நான் தூங்கற நேரத்துல அவங்க கிளம்புறாங்க, லைட் எரியும். சேர்றப்போ அசல் சர்டிபிகேட் வாங்கி வெச்சுக்கிட்டாங்க, அதனால வேற இடம் தேடவும் முடியல. மாதவிடாய் மூணு மாசமா சீரா இல்ல. என்கூட இருக்கிற அஞ்சு பேர்ல மூணு பேருக்கு இதேதான்.


9 · பொதுச்சுகாதார மாணவன் · செவ்வாய் காலை 9.20

தங்கச்சி, ரெண்டு விசயம்.

சம்பளம் பத்தி: நர்ஸ்கள் சங்கம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில சொன்னபடி ஒரு நிபுணர் குழு அமைச்சாங்க. ஐம்பது படுக்கைக்குக் கீழ இருக்கிற தனியார் மருத்துவமனையில கூட மாசம் 20,000-க்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேலன்னா அரசு நர்ஸுக்குச் சமமா குடுக்கணும்னு அந்தக் குழு பரிந்துரை பண்ணுச்சு. பரிந்துரைதான், பத்து வருசம் ஆகியும் பெரும்பாலான இடத்துல காகிதத்துலயே கிடக்குது. அரசுப் பக்கமும் பெருமைப்பட ஒண்ணும் இல்ல. 2015-ல எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி வந்தவங்களுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம், ரெண்டு வருசத்துல நிரந்தரம்னு சொன்னாங்க. 14,000, 18,000-னு ஏத்துறதுக்கே எத்தனை போராட்டம்.

நைட் பத்தி: இரவுப் பணி உடலோட நாள் சுழற்சியைக் கலைக்குது. அதனால புற்றுநோய் வர வாய்ப்பு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-லயும் மறுபடி 2019-லயும் வகைப்படுத்தியிருக்கு. மாதவிடாய் ஒழுங்கு கெடறதும் இரவுப் பணியோட சேர்ந்து வர்றதுதான். டாக்டரைப் பாருங்க, தைராய்டும் ரத்தமும் டெஸ்ட் பண்ணுங்க. அசல் சர்டிபிகேட் உங்க சொத்து. எழுத்துல கேளுங்க, நகல் ஒண்ணு கையில வெச்சுக்குங்க.


10 · ரிட்டயர்டு எஸ்.எச்.என். · செவ்வாய் மாலை 5.15

கண்ணுங்களா, எல்லாத்தையும் படிச்சேன். நான் பென்னாகரம், ஏரியூர் பக்கம் வேலை பார்த்து செக்டார் ஹெல்த் நர்ஸா ரிட்டயர் ஆனவ.

எங்க காலத்துல ஓ.பி.க்கு வர்ற பாதி பேர் கை கால் வலின்னுதான் வருவாங்க. "ஊசி ஒண்ணு போடும்மா"ன்னு நிப்பாங்க. நாற்பது வயசுலயே கழுத்தைத் திருப்ப முடியாது, ஆளைக் கூப்பிட்டா உடம்போட சேர்த்துத் திரும்புவாங்க. பிள்ளைங்க பல்லுல பழுப்புக் கோடு. போர் தண்ணியில ஃப்ளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது, இங்க பல ஊர்ல அதுக்கு மேலதான். கொதிக்க வெச்சாலும் போகாது, தண்ணி சுண்டி இன்னும் கூடும். நான் போட்ட ஊசி சாயங்காலம் வரைக்கும்தான். மறுநாள் அதே தண்ணியைக் குடிச்சுட்டு அதே ஆள் வந்து நிப்பார். வருசக்கணக்கா அப்படிப் போட்டதுல எனக்கு வந்த சலிப்பு இருக்கே, அது வேலைப் பளுவினால வந்ததில்ல. ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல தண்ணி விட்டாங்க. முறையா வர்ற ஊர்கள்ல இப்ப சின்னப் பிள்ளைங்க பல்லைப் பாருங்க, வெள்ளையா இருக்கு. எங்க தெருவுல போர் தண்ணியும் கலந்து விடறாங்க, அதுக்கு இன்னும் மனு எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்.

இன்னொண்ணும் நம்ம மாவட்டத்துலயே நடந்தது. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவுல சிட்லிங்கி. 1993-ல டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் வந்து குடிசையில ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. அப்ப அங்க பிறக்கிற ஆயிரம் குழந்தையில நூத்துக்கும் மேல ஒரு வயசு தாண்டாது. வெளியூர் நர்ஸ் யாரும் வந்து தங்க மாட்டாங்கன்னு உள்ளூர் பழங்குடிப் பொண்ணுங்களையே பயிற்சி குடுத்து நர்ஸ் ஆக்குனாங்க. சாவு குறைஞ்சுது. அதோட நிக்கல. விவசாயம் நொடிச்சு ஜனங்க ஊரை விட்டுப் போறதைப் பார்த்துட்டு, சிறுதானியம், இயற்கை விவசாயம்னு விவசாயிங்க சங்கம் உண்டாக்குனாங்க. லம்பாடிப் பொண்ணுங்களோட பழைய தையல் வேலைக்கு உயிர் குடுத்தாங்க. நர்ஸ் பயிற்சி எடுத்த பொண்ணுங்க பலர் வருசக்கணக்கா அங்கயே நிலைச்சிருக்காங்க. சொந்த ஊர், பேச்சு புரியும், தன் கையால ஒண்ணு மாறுறதைக் கண்ணால பார்க்கிறாங்க.

மூச்சுப் பயிற்சியை ஒரேயடியாத் தள்ளாதீங்க. எனக்கு அது உதவியிருக்கு. உங்க உடம்பு உங்க பொறுப்புதான். ஊர் ஊரா ரத்தம் பார்க்கிற நீங்க உங்க ரத்தத்தை எப்பப் பார்த்தீங்க? பி.பி.? சுகர்? 2021-ல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தான் ஆரம்பிச்சாங்க, வீடு தேடிப் போய் பி.பி. பார்க்கிறோம். பார்க்கப் போற பிள்ளைக்கு யார் பார்க்கிறது? மாசம் ஒரு நாள் நீங்களே ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்குங்க. ஓசூர் பாப்பா, நைட்டுக்கு நடுவுல சோறு ரெண்டு மணிக்கு வேண்டாம், பன்னிரண்டுக்குள்ள முடி. மூணு மணிக்கு மேல டீ வேண்டாம். ஜன்னலுக்குப் பழைய போர்வையை மடிச்சுக் கட்டு, கண்ணுக்குத் துணி கட்டிக்க. நைட் முடிஞ்சு வண்டி ஓட்டவே ஓட்டாத. மனசு ரொம்ப முடியலைன்னா 14416-க்கு போன் போடு. டெலிமானஸ், காசு இல்லாத நம்பர், தமிழ்ல பேசுவாங்க, பேர் கேட்டு யாருக்கும் சொல்ல மாட்டாங்க.


11 · காரிமங்கலம் வாசி · செவ்வாய் இரவு 7.40

சிஸ்டர் சொன்னதைத் தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டினேன். புகார் குடுக்கிறோம், ட்யூட்டியில எத்தனை பேர்னு கேட்கிற கேள்வியும் சேர்த்து. புளி மண்டி விசயத்துல ஒரு யோசனை. எங்க பக்கம் சந்தை நாள்ல மண்டி அரை நாள்தான். பொம்பளைங்க எல்லாம் அன்னிக்கு டவுனுக்கு வந்துதான் தீரணும். சந்தைக்குன்னு பஸ்ஸும் கூடுதலா விடுவாங்க. அந்த ஊசியை அன்னிக்கே போட முடியாதா?


12 · அரூர் மலையோரம் · செவ்வாய் இரவு 8.05

சிஸ்டர், இதை விடாதீங்க. சுக்ரோஸ் ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு இல்லாம வாரம் ஒண்ணுன்னு வெச்சாலும் அஞ்சு வாரத்துல முடியும். ஏழாம் மாசத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டா நேரம் இருக்கு. எங்க பக்கம் சந்தை நாள்ல மலையில இருந்து ஜீப் இறங்கும், நானும் கேட்டுப் பார்க்கிறேன்.


13 · பாலக்கோடு சிஸ்டர் · வியாழன் இரவு 9.10

எம்.ஓ. (மருத்துவ அலுவலர்) மேடம்கிட்ட பேசிட்டேன். சந்தை நாள் மத்தியானம் ரெண்டு மணியில இருந்து சுக்ரோஸ் போடலாம்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு எங்க லேப் டெக்னீஷியன் வேற பி.எச்.சி.க்குப் போயிடுவார். அதனால ரத்தம் எவ்வளவுன்னு முந்தின நாளே வி.எச்.என். பார்த்து அட்டையில எழுதிக் குடுக்கணும். ஊசி ஏத்துறப்போ டாக்டர் இருக்கணும்ங்கறதால மேடம் அன்னிக்கு மட்டும் நாலு மணி வரைக்கும் இருக்கேன்னு சொன்னாங்க. வரும்போது வெறும் வயித்தோட வராம இருக்க வேர்க்கடலை உருண்டை ஏற்பாடு பண்ண ஒரு சுய உதவிக் குழுவைக் கேட்டிருக்கோம். அந்த வி.எச்.என். அக்கா இன்னிக்கு மண்டிக்கே போய் நாலு கர்ப்பிணிங்க பேர் எழுதிட்டு வந்தாங்க. நான் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு அவங்க அவ்வளவு உற்சாகமா பேசி.

மத்ததுக்கு மனு போடணும். சப்-சென்டர் கழிப்பறைக்குத் தண்ணி இணைப்பு, காலை பஸ்ஸுக்கும் மத்தியான பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு நடை, மாசாந்திரக் கூட்டத்துல கடைசி அரை மணி நேரம் எண் கேட்காம கேஸ் பேசுறதுக்கு. சர்வீஸ்ல இருக்கிறவங்க கையெழுத்துப் போடத் தயங்குறாங்க.


14 · ரிட்டயர்டு எஸ்.எச்.என். · வியாழன் இரவு 9.35

தண்ணிக்கும் பஸ்ஸுக்கும் நான் போடறேன் கையெழுத்து, என்கூட ரிட்டயர் ஆன நாலு பேரும் போடுவாங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் கூட்டத்துல குடுத்துடலாம். கூட்டத்துல கேஸ் பேசுறது உங்க துறைக்குள்ள விசயம், அதை மேடம் மூலமா எழுதுங்க. பஸ் மனுவுல கர்ப்பிணிங்க எண்ணிக்கையைப் போடு கண்ணு, நர்ஸுக்குக் கஷ்டம்னு மட்டும் எழுதாத. காரிமங்கலம் தம்பி, ஊர்க்காரங்க சார்புல உங்க கையெழுத்தும் வேணும்.


15 · காரிமங்கலம் வாசி · வியாழன் இரவு 9.50

வர்றேன்மா. தங்கச்சியும் வர்றேன்னு சொல்லுது.


16 · ஓசூர் நைட் ட்யூட்டி · வெள்ளி காலை 9.30

போர்வை கட்டிட்டேன் அம்மா. சர்டிபிகேட் கேட்டு நாங்க ஆறு பேரும் சேர்ந்து ஒரே லெட்டரா எழுதி வெச்சிருக்கோம், இன்னிக்கு சூப்பிரண்டண்ட் மேடம்கிட்ட குடுக்கறோம். சந்தை நாள் நோட்டீஸ் அஞ்செட்டி, தளி பக்கமும் ஒட்டறதா இருந்தா கன்னடத்துலயும் தெலுங்குலயும் எழுதணும். கூட இருக்கிற பொண்ணு ரெண்டும் எழுதுவா. வாசகத்தை இங்க போடுங்க, தூங்கி எழுந்து எழுதி அனுப்பச் சொல்றேன்.